‘டேர் டவுன்’ (tear down) தேடுகிறவர்களுக்கு: லாங்மன் இணைய அகராதி எப்படி?

தானாக விழுந்தால் ‘இடிந்தது’, ஆள் வைத்துத் தள்ளினால் ‘இடித்தார்கள்’. தமிழில் ஒரே வேர் இரண்டையும் தாங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் வினையே மாறிவிடும். நம் மாணவர்கள் சறுக்குவது இங்கேதான்.

1978-இல் முதலில் அச்சில் வந்த லாங்மன் ஆங்கில அகராதி (Longman Dictionary of Contemporary English) இப்போது இணையத்தில் இலவசம். சுமார் 2000 எளிய சொற்களை வைத்தே விளக்கம் எழுதுவது இதன் வழக்கம் என்பதால், ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கப் போய் இன்னும் நாலு சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. ‘டேர் டவுன்’ என்பதற்கு ஒரே வரிதான்: கட்டடத்தை வேண்டுமென்றே அழிப்பது. அந்த ‘வேண்டுமென்றே’தான் உயிர். சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்ததே, அது ‘கொலாப்ஸ்டு’. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். அது ‘டிமாலிஷ்டு’ அல்லது ‘பிராட் டவுன்’ (brought down). மழையில் விழுந்த சுவருக்கு ‘டோர்ன் டவுன்’ (torn down) என்று எழுதினால், யாரோ இடித்ததாக ஆகிவிடும். ‘பிரேக் டவுன்’ என்பதோ நடுவழியில் நிற்கும் பஸ்ஸுக்கு.

இந்த அகராதியில் மிகவும் பிடித்தது அந்த இருதலை அம்புக்குறி (↔). ‘டேர் சம்திங்’ என்பதற்கும் ‘டவுன்’ என்பதற்கும் நடுவில் சின்னதாக நிற்கும். ‘டேர் தி வால் டவுன்’, ‘டேர் டவுன் தி வால்’ இரண்டும் சரி என்று அதற்கு அர்த்தம். 1987-இல் பெர்லினில் அமெரிக்க அதிபர் ரீகன் சோவியத் தலைவர் கோர்பச்சேவைப் பார்த்து ‘டேர் டவுன் திஸ் வால்’ என்றது இரண்டாவது வகை. ஆனால் ‘இட்’, ‘தெம்’ வந்தால் நடுவில்தான் வர வேண்டும்: ‘டேர் இட் டவுன்’. ‘டேர் டவுன் இட்’ தவறு. இதை அம்புக்குறி மட்டும் சொல்லித் தராது; ஆசிரியர்தான் சொல்லித் தர வேண்டும்.

உச்சரிப்புக்கு ஒலிபெருக்கிப் படத்தைக் கட்டாயம் அழுத்துங்கள். கண்ணீருக்கும் இதே எழுத்துக்கள்தான். அது ‘டியர்’, இது ‘டேர்’. தேடும்போது வினைச்சொல் பதிவைத்தான் திறந்திருக்கிறோமா என்றும் பாருங்கள்.

குறை என்றால், நெருங்கிய சொற்களின் வேறுபாடு போதவில்லை. ‘டேர் டவுன்’ அமெரிக்க வழக்கில் அதிகம், ‘புல் டவுன்’ பிரிட்டனில் அதிகம். ‘நாக் டவுன்’ ஆளை வண்டி மோதிச் சாய்ப்பதற்கும் ஏலத்தில் முடிப்பதற்கும்கூட வரும். கட்டடச் சாரத்தைப் பிரித்து இறக்குவது ‘டேக் டவுன்’. மாநகராட்சி நோட்டீஸுக்கும் கோர்ட் உத்தரவுக்கும் ‘டிமாலிஷ்’.