ஈஎஸ்பி விளக்கு எரிகிறதா? டாங்கிளா, ஸ்கேனரா, மல்டிமீட்டரா, ஷோரூமா

சொகுசு எஸ்யூவியில் சறுக்கும் கார் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு, அதாவது கார் சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஈஎஸ்பியின் விளக்கு, எரிந்ததும் பலர் எடுப்பது காரில் செருகி ஃபோனில் கோளாறு பார்க்கும் சில நூறு ரூபாய் புளூடூத் டாங்கிளைத்தான். அது பெரும்பாலும் "கோளாறு இல்லை" என்றே சொல்லும், ஏனென்றால் அது படிப்பது எஞ்சின் பக்கத்து பி கோடுகளை (P என்று தொடங்கும் கோளாறு எண்கள்). ஈஎஸ்பி சமாச்சாரம் பிரேக்கைக் கவனிக்கும் ஏபிஎஸ் மாட்யூலுக்குள் சி கோடாக (C என்று தொடங்குவது) உட்கார்ந்திருக்கும்.

எல்லா மாட்யூலையும் படிக்கும் ஸ்கேனர் விலை கூடத்தான், ஆனாலும் என் ஓட்டு அதற்கே. கோடுக்காக இல்லை, வண்டி ஓடும்போதே சென்சார்கள் சொல்வதைக் காட்டும் லைவ் டேட்டாவுக்காக. கோடு ஒரு சக்கர சென்சாரின் பெயரைச் சொன்னால் அந்தச் சர்க்யூட்டில் ஏதோ தகராறு என்று அர்த்தம், சென்சார் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான்கு சக்கர வேகத்தையும் ஒரே கிராஃபில் பாருங்கள்: மூன்று சக்கரத்தின் வேகம் சேர்ந்து ஏற, ஒன்று மட்டும் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால், வீல் ஆர்ச்சுக்குள் வயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கலாம். நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் கோணம் 8 டிகிரி காட்டுகிறதா? அலைன்மென்ட் செய்தவர் ஜீரோ செட் பண்ணாமல் விட்டிருப்பார். பிரேக்கை மிதித்தும் பிரேக் சுவிட்ச் 'ஆஃப்' என்றே நின்றால், ரொம்ப சந்தோஷம், மலிவான பார்ட்.

மல்டிமீட்டர், தானே மின்சாரம் உண்டாக்கும் பழைய பாஸிவ் சென்சாருக்குச் சரி. இப்போதுள்ள, சப்ளை வாங்கி வேலை செய்யும் இரண்டு வயர் ஆக்டிவ் சென்சார் 7, 14 மில்லி ஆம்பியர் என்று கரண்ட் மாறுவதில்தான் பேசும். அதில் ஓம் வைத்துப் பார்ப்பது வீண், உள்ளிருக்கும் சிப்பும் போகலாம். வயரில் தொடர்ச்சி இருக்கிறதா, சப்ளை வருகிறதா, அவ்வளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்ட்டை மாற்றிப் பார்ப்பது என்று ஒரு வழி உண்டு, நானும் அதில் சிக்கியிருக்கிறேன். புது சென்சார் போட்டும் விளக்கு அணையவில்லை. கடைசியில் பார்த்தால், அதற்கு முன் பேரிங் மாற்றிய மெக்கானிக் சென்சார் படிக்கும் காந்த வளையம் உள்ள பக்கத்தைத் திருப்பிப் போட்டிருந்தார்! பேரிங்கின் எந்தப் பக்கம் குட்டி பேப்பர் கிளிப் ஒட்டுகிறதோ அதுதான் சென்சாரைப் பார்க்க வேண்டும். சென்சார் ஒன்றும் பேரிங் ஒன்றுமாக இரண்டுக்கும் காசு கொடுத்தேன்.

அப்புறம் ஷோரூம். சக்கர சென்சாருக்காக அங்கே போவதைத் தவிர்ப்பேன். வண்டி எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளக்கும் யா ரேட் சென்சாரையோ ஏபிஎஸ் மாட்யூலையோ மாற்றுவதென்றால் பெரும்பாலும் கோடிங், கேலிப்ரேஷன் வேலை இருக்கும். அதற்கு மட்டும் போகலாம், போகும்போது நீங்கள் எடுத்த கிராஃபின் ஸ்கிரீன்ஷாட்டையும் கொண்டுபோங்கள்.