சூடேற்றுவதா, சில்லை மாற்றுவதா, பலகையையே மாற்றுவதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கைப்பேசிகள் சாவதற்கு நான் அதிகம் பார்த்த காரணங்கள் இரண்டு: செம்பனைத் தோட்டத்தில் நாள் முழுதும் கால்சட்டைப் பையில் ஊறும் வியர்வை, பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சார்ஜர். எதிர் வீட்டு அக்காவின் ஐபோன் 7 இரண்டாவது காரணத்தால் போனது. சில நாள்கள் சார்ஜ் ஏறுவதாகத் திரையில் காட்டிக்கொண்டே ஏறாமல் இருந்தது. பிறகு அடியோடு அணைந்துவிட்டது. அதை மூன்று கடைகளில் காட்டியபோது மூன்று பதில்கள் கிடைத்தன. ஒருவர், சில்லுகள் எல்லாம் பதிந்திருக்கும் உள் மின்சுற்றுப் பலகையைச் சூடுபடுத்தினால் சரியாகும் என்றார். ஒருவர் சார்ஜ் ஏறுவதைக் கவனிக்கும் சில்லான சார்ஜிங் ஐசியை மாற்ற வேண்டும் என்றார். மூன்றாமவர் பலகையையே மாற்றி அன்று மாலையே தருவதாகச் சொன்னார்.

முதல் வழி மலிவானது, அதைத் தவிர அதற்கு வேறு சிறப்பு எதுவும் இல்லை. சில்லைப் பலகையோடு ஒட்டிவைக்க அதன் அடியில் உள்ள பற்று (சால்டர்) உருண்டைகளில் ஏதேனும் ஒன்று விட்டுப்போயிருந்தால், வெப்பக் காற்றில் அது மீண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும் என்பதே இதன் பின்னுள்ள நம்பிக்கை. ஆனால் அதிக மின்னழுத்தத்தால் உள்ளே கருகிய சில்லை எந்தச் சூடும் உயிர்ப்பிக்காது. ஒட்டுதான் விட்டுப்போயிருக்கிறது என்றாலும் பயன் நிலைப்பதில்லை. இதே ஐபோன் 7-இல் பரவலாக அறியப்பட்ட ஒலிச் சில்லுக் கோளாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பலகை வளைந்து வளைந்து, ஒலிச் சில்லின் அடியில் சி12 எனப்படும் இணைப்புப் புள்ளி பலகையிலிருந்து பெயர்ந்துவிடும். அழைப்பின்போது ஸ்பீக்கர் பொத்தான் மங்கிவிடும், குரல் பதிவு வேலை செய்யாது. சூடுபடுத்தினால் சில நாள்கள் பேசும், பிறகு பழைய கதைதான். அங்கே சில்லை எடுத்து, பெயர்ந்த புள்ளியிலிருந்து மெல்லிய ஜம்பர் கம்பி இழுத்து, சில்லைத் திரும்பப் பொருத்த வேண்டும். வெறுமனே புதுச் சில்லை வைப்பதுகூடப் போதாது.

சில்லை மாற்றும் வேலை எளிதாகச் சொல்லப்படுகிறது, ஆனால் அதில் பாதி, கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. நல்ல பழுதுபார்ப்பவர் வெப்பக் காற்றுக் குழாயை எடுப்பதற்கு முன் மின்வழங்கியில் பலகையை இணைத்து எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்று பார்ப்பார். மல்டிமீட்டரின் டயோடு அளவையில் ஒவ்வொரு மின்தடத்தையும் சோதிப்பார். ஓரிடத்தில் ஷார்ட் ஆகியிருந்தால் வெப்பக் கேமராவில் அந்தப் புள்ளி ஒளிர்வதைத் தேடுவார். பல நேரங்களில் குற்றவாளி சில்லே அல்ல, அதன் அருகில் உள்ள ஒரு கெப்பாசிட்டர் என்னும் சிறு மின்தேக்கிதான். அக்காவின் கைப்பேசியில் கோளாறு, டிரைஸ்டார் என்று தொழிலில் அழைக்கப்படும் சார்ஜிங் ஐசியில் இருந்தது. ஏறத்தாழ எள்ளளவே உள்ள அந்தச் சில்லின் அடியில் 30-க்கும் மேற்பட்ட பற்று உருண்டைகள் இருக்கின்றன.

தொழிற்சாலையில் பயன்படுத்தும் ஈயம் கலவாத பற்று ஏறத்தாழ 217 டிகிரியில்தான் உருகும். பழைய ஈயப் பற்றுக்கு 183 டிகிரி போதும். இந்த வேறுபாடு சிறியதன்று; அந்தக் கூடுதல் சூடு பக்கத்துச் சில்லுகளுக்கும் போகும். பக்கத்தில் உள்ள செயலிச் சில்லின் அடியில் கருநிறப் பசை நிரப்பப்பட்டிருக்கும்; அது அளவுக்கு மிஞ்சிச் சூடானால் அடியிலுள்ள பற்று உருகிப் பிதுங்கி வெளியேறிவிடும். சார்ஜிங் ஐசியைச் சரிசெய்யப் போய்ச் செயலியைக் கொன்ற கதை இப்படித்தான் நடக்கிறது. ஆகவே நுண்ணோக்கி இல்லாத மேசையில், எவ்வளவு பேரம் பேசிக் குறைத்தாலும், நான் கைப்பேசியைக் கொடுக்க மாட்டேன்.

எல்லாச் சில்லுகளும் ஒரே வகை அல்ல என்பதையும் கடைக்காரர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். சார்ஜிங் ஐசி குறிப்பிட்ட ஒரு கைப்பேசியோடு பிணைக்கப்படாததால், நல்ல புதுச் சில்லையோ வேறு பலகையிலிருந்து கழற்றியதையோ பொருத்தலாம். செயலிக்கு அப்படியல்ல: நினைவகத்தில் உள்ள தரவைத் திறக்கும் சாவி செயலியின் உள்ளேயே பொறிக்கப்பட்டிருப்பதால், வேறொரு செயலியை வைத்தால் அந்தத் தரவு வெறும் இரைச்சல்தான்.

பலகையையே மாற்றுவதன் குறையும் இந்த இடத்தில்தான் தெரிகிறது. வேகம் உண்டு, பெரும்பாலும் வேலையும் செய்யும். ஆனால் நினைவகமும் செயலியும் பலகையில் இருப்பதால் படங்களும் வாட்ஸ்அப் உரையாடல்களும் பழைய பலகையோடு போய்விடும். கைப்பேசியின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ மாறிவிடும். பலகையோடு சேர்ந்து முகப்புப் பொத்தானும் வராவிட்டால் கைரேகை வேலை செய்யாது. வந்த பலகை முன்னாள் உரிமையாளரின் ஐகிளவுட் கணக்கில் பூட்டப்பட்டிருந்தால், அக்கா பெறுவது கண்ணாடி பதித்த ஒரு தகடு. உண்மையில் இது அக்காவின் பழைய உறைக்குள் வேறொருவரின் கைப்பேசியைக் கொடுப்பதே ஆகும். தரவு தேவையில்லாதவருக்குக்கூட, அதற்குச் செலவிடுவதைவிட உத்தரவாதத்தோடு ஒரு பயன்படுத்திய கைப்பேசியை வாங்குவது மேல் என்பேன்.

அக்காவின் கணக்கு வேறு. அந்தக் கைப்பேசியில்தான் ஈப்போ கல்லுமலைக் கோயிலில் தைப்பூசத்தின்போது மாமியாரை எடுத்த கடைசிப் படங்கள் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. ஆகவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பேருந்தில் சென்று, ஈப்போவில் சில்லை மாற்றுவதாகச் சொன்ன கடையிலேயே கொடுத்தார். கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்திருந்தேன்: எதை அளந்து இந்தச் சில்லுதான் என்று முடிவு செய்தீர்கள்? வைக்கப்போவது புதியதா, கழற்றியதா? சரியாகாவிட்டால் இன்னொருவர் முயலக்கூடிய நிலையில் பலகையைத் திருப்பித் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொன்னதால்தான் அங்கே கொடுத்ததாக அக்கா சொன்னார். நான்காம் நாள் கைப்பேசி எழுந்தது. படங்களை அன்றிரவே மகனின் மடிக்கணினிக்கு மாற்றிவிட்டு, பசார் மாலாம் சார்ஜரை அக்காவே குப்பையில் போட்டார்.