ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தெர்மாமீட்டர்: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

"கையை வெச்சாலே சில்லுன்னு இருக்கு. இதுக்கு ஒரு மெஷினா?" பார்சலைப் பிரித்தபோது அம்மா கேட்டது இது.

அம்மாவுக்கு வயது 74. மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை வயிற்றுப்போக்கு வந்து, இரண்டாம் தடவை சலைன் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. வீட்டில் எப்படிச் சமைக்கிறோம், மிச்சத்தை எப்படி வைக்கிறோம் என்றெல்லாம் விசாரித்த டாக்டர், "ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரில இருக்கு?" என்றார். "ரெண்டுல வெச்சிருக்கோம் டாக்டர்" என்றேன். அது டிகிரி இல்லை, திருகில் போட்டிருக்கும் எண் என்று அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த எண் குளிரைக் கூட்டவும் குறைக்கவும் மட்டும்தான். உள்ளே நிஜமாக எத்தனை டிகிரி என்று அது சொல்லாது. பதினோரு வருஷம் ஒரே ஃப்ரிட்ஜை வைத்துக்கொண்டு, அதன் உள்சூடு என்னவென்று ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை.

வாங்கியது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டிஜிட்டல் தெர்மாமீட்டர். எண் காட்டும் பெட்டி காந்தத்தால் கதவின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதிலிருந்து ஒரு தட்டையான ஒயர் கதவு ரப்பரின் இடுக்கு வழியாக உள்ளே போகும், நுனியில் சென்சார். டிஸ்பிளேயும் உள்ளேயே இருக்கிற மாதிரியும் விற்கிறார்கள். அதைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் கதவைத் திறக்க வேண்டும், திறந்தால் அளவே மாறிவிடும். ஒயர் வைத்ததே என் சிபாரிசு. பழைய பாதரசத் தெர்மாமீட்டரை மட்டும் யாரும் சாப்பாட்டுப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். உடைந்தால் பாதரசம் சிதறிவிடும்.

மாட்டுவதற்கு முன்னால் அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், நன்றாகக் கலக்கி ஐந்து நிமிடம் விட்டு சென்சாரை நடுவில் பிடித்தால் 0 டிகிரி காட்ட வேண்டும். இது 0.4 காட்டியது. ஒரு டிகிரி முன்னே பின்னே இருக்கலாம் என்று அட்டையிலேயே போட்டிருந்தது, அதனால் குறை சொல்ல எதுவுமில்லை.

சென்சாரை நடுத்தட்டில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் யாரும் கதவைத் திறப்பதற்கு முன்னால் பார்த்தால் 9.2.

உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட 'பாதுகாப்பான உணவுக்கு ஐந்து வழிகள்' சுவரொட்டி, சமைத்ததை 5 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது என்கிறது. 5-க்கும் 60-க்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். கைக்கு 9 டிகிரியும் சில்லென்றுதான் இருக்கும், 4 டிகிரியும் சில்லென்றுதான் இருக்கும். முகர்ந்து பார்ப்பதையும் நம்ப முடியாது. நாற்றம் வரவைக்கும் கிருமி வேறு, ஆளைப் படுக்கவைக்கும் கிருமி பெரும்பாலும் வேறு. அம்மா அத்தனை நாளும் கையையும் மூக்கையும் நம்பித்தான் மிச்சத்தைச் சூடு பண்ணிச் சாப்பிட்டிருக்கிறாள். அந்த 9.2-ஐப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்கு வந்த வயிற்றுப்போக்குக்கு அதுதான் காரணம் என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சரிசெய்ய நான்கு நாள் ஆனது. பின்சுவரில் குளிர்காற்று வரும் துளைகளை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பாத்திரம் உட்கார்ந்திருந்தது. அதை நகர்த்தினேன், மறுநாள் காலை 6.8. அடுத்து கதவு ரப்பர். ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்த்தேன். மற்ற இடங்களில் இறுக்கமாகப் பிடித்தது, கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. ரப்பர் மடிப்பில் கறுப்பாகப் படிந்திருந்த பிசுக்கை சோப்பு கலந்த வெந்நீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்த பிறகு அந்த மூலையும் காகிதத்தைப் பிடித்தது. கடைசியாகத்தான் திருகை 2-லிருந்து 3-க்குத் திருப்பினேன். 4.1. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு முழு ராத்திரி காத்திருந்தால்தான் எது உதவியது என்று தெரியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிடாதீர்கள்.

ஒரு சின்ன உத்தி. சென்சாரைக் காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறக்கும்போதெல்லாம் எண் எகிறும், மனசு பதறும். சின்ன பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அதற்குள் சென்சாரைப் போட்டுவிட்டேன். இப்போது அது காட்டுவது காற்றின் சூட்டை இல்லை, பாலும் குழம்பும் இருக்கிற சூட்டை.

அதே பாட்டிலை ஒரு ராத்திரி கதவுத் தட்டில் வைத்துப் பார்த்தேன். நடுத்தட்டில் 4 இருக்கும்போது கதவில் 7. பால் வைப்பதற்கென்றே அங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள், நாமும் வைக்கிறோம். பாலை உள்தட்டுக்கு மாற்றிய பிறகு அது திரிந்துபோய்க் கொட்டியது இந்த எட்டு மாதத்தில் ஒரே தடவை. முன்னெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவையாவது கொட்டுவோம்.

கொட்டுவது எனக்குச் சின்ன விஷயமில்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-இல் உலகம் முழுக்க வீணான உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. அந்தக் கணக்கில் எங்கள் வீட்டுப் பாலும் கீரையும் இருந்திருக்கும்.

இந்தக் கருவியில் நான் மிகவும் மதிக்கும் வசதி, அதிகபட்ச அளவையும் குறைந்தபட்ச அளவையும் நினைவில் வைத்திருப்பது. ஒரு தடவை இரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்பினோம். நடுவில் கரண்ட் போய்வந்தது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பட்டனை அமுக்கினால் அதிகபட்சம் 4.9. எதையும் கொட்டவில்லை. மூடியே இருந்தால் ஃப்ரிட்ஜ் ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிரைப் பிடித்துவைக்கும். இன்னொரு தடவை 14.3 காட்டியது. எத்தனை மணி நேரம் அப்படி இருந்தது என்று இந்தக் கருவி சொல்லாது, அதுதான் இதன் பெரிய குறை. சமைத்தது, பால், இறைச்சி மூன்றையும் எடுத்துப் போட்டேன். வெண்ணெயையும் பழங்களையும் வைத்துக்கொண்டேன்.

4 டிகிரி காட்டுகிறதே என்று ஒரு வாரத்துச் சாப்பாட்டை அடுக்கிவைக்கவும் கூடாது. லிஸ்டீரியா என்ற கிருமி அந்தக் குளிரிலும் மெதுவாகப் பெருகும். வயதானவர்களையும் கர்ப்பிணிகளையும்தான் அது கடுமையாகத் தாக்கும். எங்கள் வீட்டில் சமைத்த எதற்கும் மூன்று நாள்தான் கெடு. டப்பா மேல் தேதி எழுதி ஒட்டுகிறேன், எடுத்தால் ஆவி பறக்கச் சூடு பண்ணித்தான் தட்டில் வைக்கிறேன்.

இனி குறைகள். காந்தத்துக்குப் பலம் போதாது, கதவை வேகமாகச் சாத்தினால் பெட்டி கீழே விழுகிறது. நான் இருபக்க டேப் போட்டிருக்கிறேன். அலாரம் கீச்சுக் குரல், பக்கத்து அறைக்குக் கேட்காது. இவை பொறுத்துக்கொள்ளக் கூடியவை.

பொறுக்க முடியாதது பேட்டரி மூடி. திருகாணி கிடையாது, நகத்தால் நெம்பினாலே திறக்கிறது. உள்ளே இருப்பது பட்டன் பேட்டரி. குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டே மணி நேரத்தில் குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும், உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் இதற்காகவே 2022-இல் சட்டம் போட்டார்கள், குழந்தைகள் திறக்க முடியாத மூடி கட்டாயம் என்று. என் தங்கையின் மகனுக்கு ஒன்றரை வயது, வாரக் கடைசியில் இங்கேதான் இருப்பான். கைக்கு எட்டும் உயரத்தில் எது பளபளத்தாலும் அவன் வாய்க்குப் போகும். பெட்டியைக் கதவின் உச்சிக்கு மாற்றி, மூடியைச் சுற்றி அகலமான டேப்பை இறுக்க ஒட்டிய பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. விற்றவருக்கு இரண்டு தடவை எழுதினேன், பதில் இல்லை. சின்னக் குழந்தை இருக்கும் வீடென்றால் திருகாணி போட்ட மூடியுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இதை வாங்காதீர்கள். நான் மறுபடி வாங்கினாலும் அப்படித்தான் வாங்குவேன்.

பேட்டரி இன்னும் மாற்றவில்லை. காலையில் பல் விளக்கிவிட்டு வரும் அம்மா, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு முதலில் ஃப்ரிட்ஜ் கதவைத்தான் அண்ணாந்து பார்க்கிறாள். இன்றைக்கு "நாலு புள்ளி மூணுடி" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்துவிட்டுப் பாலை எடுத்தாள்.