இ.பி.எஃப்.ஓ. தளத்தின் எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்: ரெஃபரல் வந்தால் முதலில் இதைத் திறந்து பாருங்கள்

வேலை மாற நினைக்கிறவர்கள் கிளாஸ்டோர், ஆம்பிஷன்பாக்ஸ், லிங்க்ட்இன் என்று எல்லாவற்றையும் புரட்டுகிறார்கள். ஆனால் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) அமைப்பான இ.பி.எஃப்.ஓ.வின் தளத்தில் இலவசமாகக் கிடக்கும் எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச் என்ற நிறுவனத் தேடல் பக்கத்தை என்னைச் சுற்றி இருப்பவர்களில் யாரும் திறந்ததாகத் தெரியவில்லை. லாகின் வேண்டாம், யூ.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் எண் வேண்டாம், பைசா செலவில்லை. கம்பெனி பெயரைப் போட்டு கேப்ட்சாவை அடித்து, வரும் பட்டியலில் சரியான பெயரைத் தேர்ந்தெடுத்து, பேமென்ட் விவரத்தை அழுத்தினால் போதும். எந்த மாதச் சம்பளத்துக்கான பி.எஃப். எந்தத் தேதியில் கட்டப்பட்டது, எவ்வளவு, எத்தனை பேருக்கு என்று வரிசையாக வந்து நிற்கும். 5-க்கு 4 நட்சத்திரம் தாராளமாகக் கொடுப்பேன்.

எனக்கு இது தேவைப்பட்ட நேரத்தைச் சொன்னால்தான் அருமை புரியும். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் பணியாளர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்ததிலிருந்து சென்னையில் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் டீக்கடையில் நின்றாலும் இதே பேச்சுதான். எங்கள் அலுவலகத்திலும் பெஞ்சில், அதாவது புராஜெக்ட் இல்லாமல், இருந்தவர்களை ஒவ்வொருவராக ஹெச்.ஆர். கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சமயத்தில், ரொம்ப நாளாகத் தொடர்பில் இல்லாத என் பழைய டீம் லீட் வாட்ஸ்அப்பில் வந்தார். "ஏம்மா, எங்க கம்பெனியில ஒரு ஓப்பனிங் இருக்கு, உனக்கு அப்படியே பொருந்தும், ரெஸ்யூமே அனுப்பு, இந்த வாரமே ரெஃபர் பண்ணிடுறேன்." கேட்காமலே வந்தது. தெய்வமே அனுப்பியது போலத்தான் இருந்தது.

ஆனால் லே-ஆஃப் காலத்தில் வரும் ரெஃபரலுக்கு உடனே தலையாட்டிவிட முடியாது. நாமாக ராஜினாமா செய்தால், கம்பெனி அனுப்பும்போது கிடைக்கக்கூடிய செட்டில்மென்ட் போய்விடும். ஐந்து வருடம் முடியவில்லை என்றால் கிராஜுவிட்டியும் கைக்கு வராது. புது இடத்தில் புரொபேஷன், ஆள் குறைக்கும் நிலை வந்தால் நேற்று சேர்ந்தவர்தான் சுலபமாகக் கண்ணில் படுவார். ரெஃபர் செய்கிறவருக்கு போனஸ் வரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும், அதில் தப்பே இல்லை, அந்த டீம் லீட் அண்ணன் நல்ல மனுஷன், என் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் அவர் இருக்கையில் உட்கார்ந்தபடி எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அவராலும் சொல்ல முடியும். கம்பெனியின் கையில் காசு இருக்கிறதா என்பதை வேறு வழியில்தான் பார்க்க வேண்டும்.

அதற்குத்தான் இந்தப் பக்கம். ஒரு மாதத்துச் சம்பளத்துக்கான பி.எஃப்.பை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது விதி. நான் பார்த்த கம்பெனியின் அட்டவணையில் பழைய வரிசைகள் எல்லாம் 12, 14, 13 என்று ஒழுங்காக இருந்தன. அப்புறம் தேதி மெல்ல நகர ஆரம்பிக்கிறது. 22, அடுத்தது மாதக் கடைசி, அதற்கு அடுத்தது ஒரு மாதம் தள்ளி. பக்கத்துக் கட்டத்தில் ஆட்களின் எண்ணிக்கை 300-க்கு மேல் இருந்தது 200-ஐ ஒட்டி இறங்கியிருந்தது. கடைசி இரண்டு மாதங்களுக்கு வரிசையே இல்லை. ஊழியர் சம்பளத்திலிருந்து 12 சதவீதம் பிடித்த பணத்தையே கட்ட முடியாமல் திணறும் இடம், புதிதாக வருகிறவருக்கு எதை நம்பி ஆஃபர் கொடுக்கிறது?

நான் இதை மறைக்காமல் அண்ணனிடமே கேட்டேன். ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, "அண்ணா, இது என்னன்னு கொஞ்சம் பார்க்கிறீங்களா?" என்றேன். அவர் தன் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்த்திருக்கிறார். சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் இருக்கிறது, பாஸ்புக்கில் அந்த இரண்டு மாதமும் வரவு இல்லை. அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். ராத்திரி போன் செய்து வெகுநேரம் பேசினார். இப்போது அவரும் வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறார். நான் ரெஸ்யூமே அனுப்பவில்லை.

இதை வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடாதீர்கள், படிக்கும்போது கவனம் வேண்டும். ஆரம்பத்திலிருந்தே அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேல் வாங்கி பி.எஃப்.பில் சேராதவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். கான்ட்ராக்டில் இருப்பவர்கள் வேறு நிறுவனத்தின் பெயரில் இருப்பார்கள். அதனால் எண்ணிக்கை எத்தனை என்பதைவிட, மாதா மாதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். ஊழியர்களின் பி.எஃப். பணத்தைத் தாங்களே நிர்வகிக்க சொந்தமாக பி.எஃப். டிரஸ்ட் நடத்தும் பெரிய நிறுவனங்களுக்கு இந்தத் தொகையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 20 பேருக்குக் குறைவான சின்ன ஸ்டார்ட்-அப் இந்தத் தேடலில் வராமலே போகலாம். ஆள் இறங்கியிருந்தால் குழுமத்தின் இன்னொரு கம்பெனிக்கு மாற்றியும் இருக்கலாம், ரெஃபர் செய்கிறவரிடம் கேட்டால் தெரிந்துவிடும். தேதி தவறுவதற்கு மட்டும் நல்ல காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. எப்போதாவது ஒருமுறை என்றால் விடலாம், தொடர்ந்து என்றால் விலகி நிற்பதே நல்லது.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது தளம் படுத்தும் பாட்டுக்காக. கேப்ட்சா எழுத்து கண்ணைப் பிடுங்குகிறது, சரியாக அடித்தாலும் சில சமயம் தப்பு என்கிறது. பாதியில் செஷன் முடிந்துவிட்டது என்று வெளியே தள்ளும். 15-ஆம் தேதியை ஒட்டி முயற்சி செய்யவே வேண்டாம், நிறுவனங்கள் எல்லாம் பணம் கட்ட முண்டியடிக்கும் நேரம். போனில் அட்டவணை பாதி வெட்டுப்படுகிறது, லேப்டாப்பில் பாருங்கள். கோடிக்கணக்கான தொழிலாளர்களின் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு இதைச் சரிசெய்தே ஆக வேண்டும், இவ்வளவு பயனுள்ள தகவலை இவ்வளவு கஷ்டப்பட்டு எடுக்க வைப்பது நியாயமில்லை.

இன்னொரு சிக்கல் பெயர். போர்டில் இருக்கும் பிராண்ட் பெயரைப் போட்டால் பெரும்பாலும் கிடைக்காது, பதிவு செய்த பிரைவேட் லிமிடெட் பெயர் வேண்டும். ஒரே மாதிரி பெயர்கள் வரிசையாக வரும், முகவரியைச் சரிபாருங்கள், சென்னை ஆபீஸ் ஊழியர்களுக்கும் பெங்களூருவில் பதிவான பி.எஃப். எண்ணிலேயே கட்டுகிற கம்பெனிகள் உண்டு. ரெஃபர் செய்கிறவர் நெருக்கமானவர் என்றால் அவருடைய சம்பளச் சீட்டில் உள்ள பி.எஃப். எண்ணின் முன்பகுதியை மட்டும் கேளுங்கள், சென்னை என்றால் பெரும்பாலும் டி.என்.எம்.ஏ.எஸ். என்று ஆரம்பிக்கும். அதுதான் நிறுவனத்தின் குறியீட்டு எண், அதை வைத்துத் தேடினால் அந்த நிறுவனத்தைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம்.