பழைய ரேசரும் புது பிளேடும்: எட்டு வருட அனுபவம்

பிளேடை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளும் உலோக ரேசர்தான் இங்கே பேச்சு. என் முதல் பழைய ரேசர் ஒரு பழம்பொருள் கடையில் கிடைத்தது. உடைந்த கைக்கடிகாரங்களுக்கும் பேனா மூடிகளுக்கும் நடுவே கறுத்துப்போய்க் கிடந்தது. பித்தளையா, இரும்பா என்றே தெரியவில்லை. எடுத்துப் பார்த்தேன். விரல் நீளம்தான் இருக்கும், ஆனால் கையில் கனமாக உட்கார்ந்தது. அந்தக் கனத்துக்காகவே வாங்கினேன். அது நடந்து எட்டு வருடம் ஆகிறது. இப்போது என்னிடம் 14 ரேசர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு மாதமாவது சவரம் செய்திருக்கிறேன். மூன்றை இன்றும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன்.

இவ்வளவு பழைய சாமான் இன்னும் வேலை செய்வதற்குக் காரணம் அதன் அமைப்புதான். தீட்டவே வேண்டாத மெல்லிய பிளேடு, மழுங்கினால் எறிந்துவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம் என்பது ஜில்லெட் நிறுவனத்தைத் தொடங்கிய கிங் கேம்ப் ஜில்லெட்டின் யோசனை. அத்தனை மெல்லிய எஃகுத் தகட்டைப் பதப்படுத்திக் கூராக்குவது பெரும்பாடாக இருந்தது. வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர்தான் அதைச் சாதித்தார். விற்பனை தொடங்கிய 1903இல் விற்றவை வெறும் 51 ரேசர்களும் 168 பிளேடுகளும். அடுத்த வருடம் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப் போர் வந்தபோது அமெரிக்கப் படைவீரர்களுக்கு மட்டும் சுமார் 35 லட்சம் ரேசர்கள் போய்ச் சேர்ந்தன. தேய்வதெல்லாம் பிளேடு, ரேசர் அப்படியே இருக்கும். இருபக்கக் கூருள்ள பிளேடின் அளவும் பெரிதாக மாறவில்லை. இன்று வாங்கும் பிளேடு நூறு வருட ரேசரிலும் பொருந்திவிடும். இதை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு மெய்யாகவே சிலிர்த்தது.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது? பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது, இதை நான் அடித்துச் சொல்வேன். முடியை வெட்டுவது பிளேடு. அந்த பிளேடை ஆடாமல், கோணாமல் பிடித்துக்கொள்வதுதான் ரேசரின் வேலை. அதனால் எங்கே போனாலும் பையில் பிரிக்காத பிளேடு ஒன்று இருக்கும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அதை மாட்டி, ரேசரைக் கண்ணுக்கு நேரே வெளிச்சத்தில் பிடிப்பேன். இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். கீழே உள்ள தடுப்புக்கும் பிளேடுக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் இருந்தால் அது எப்போதோ கீழே விழுந்து வளைந்திருக்கிறது என்று அர்த்தம். அதை வைத்துவிட்டு வந்துவிடுவேன், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

அடுத்தது உலோகம். பித்தளை என்றால் முலாம் போன இடத்தில் மஞ்சள் தெரியும், மூலைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். களிம்பைக் கண்டு பயப்பட வேண்டாம், அது தேய்த்தால் போய்விடும். முலாம் கொப்புளித்து உரிந்த இடத்தில் சாம்பல் நிறம் தெரிந்தால் அது துத்தநாகக் கலவை. உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. கண்ணாடி போல மின்னிய ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். மூன்றாவது நாள் இறுக்கும்போது மேல்மூடியின் மரைத்தண்டு முறிந்து கைப்பிடிக்குள்ளேயே நின்றுவிட்டது. ரொம்ப வருத்தமாக இருந்தது. அதன் பிறகு மின்னுகிறது என்பதற்காக எதையும் வாங்கியதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. பழைய ரேசருக்குள் பழைய பிளேடு இன்னும் இருக்கலாம். திறக்க மறுத்தால் கடையிலேயே முறுக்கிப் பார்க்காதீர்கள். வீட்டுக்கு வந்து வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தடிமனான துணியைச் சுற்றித் திறப்பதுதான் நல்லது. அந்த பிளேடைத் தொட்டுப் பார்க்கக்கூட வேண்டாம்.

சுத்தம் செய்வதில் எனக்குப் பெரிய மருந்தெல்லாம் கிடையாது. வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, மென்மையான பல் துலக்கும் பிரஷ், அப்புறம் பொறுமை. என் முதல் ரேசரை ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் நீர் சாம்பல் கலந்த பால் போல இருந்தது. சோப்புப் படிவுதான், யாரோ ஒருவரின் எத்தனையோ காலைகளின் படிவு. பிரஷ்ஷை கைப்பிடியின் வரிகளில் ஓட்ட ஓட்ட, வைரம் வைரமாகச் செதுக்கிய கோடுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கடைசியில் அடித்தட்டில் எழுத்துகளே தெரிந்தன. வாங்கிய நேரத்தைவிட அந்த அரை மணி நேரம்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. வினிகர் வேண்டாம், நிக்கல் முலாம் மங்கிவிடும். தங்க முலாம் அதைவிட மெல்லியது, அழுத்தித் தேய்த்தாலே போய்விடும். பிளேடு இடைவெளியை மாற்ற எண் போட்ட ரேசர்களும் உண்டு; எண்களுக்கு வண்ணம் பூசிய அப்படி ஒன்றைக் கொதிநீரில் போட்டு, எண்களின் வண்ணம் கழன்று மிதந்ததைப் பார்த்திருக்கிறேன். கழுவி முடித்ததும் கிருமி போக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் முக்கி எடுத்து, உலர்ந்த பிறகுதான் முகத்துக்குக் கொண்டுபோவேன்.

சரி, முகத்துக்கு வருவோம். பழக்கத்தில் அதிகம் இருப்பது ஜில்லெட் டெக். 1938இல் வந்த மாடல், மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்றே துண்டு. மிகவும் சாதுவான ரேசர். அவசரமான காலையில் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எடுப்பேன். ஆறு வருடத்தில் இது என்னைக் கீறியது இரண்டே முறை. தினமும் சவரம் செய்பவருக்கு இதைத் தாண்டி எதுவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது ஜில்லெட் ஸ்லிம். 1961இல் வந்தது. கழுத்தில் 1 முதல் 9 வரை எண் போட்ட வளையம் இருக்கும், திருப்பினால் பிளேடுக்கும் தடுப்புக்கும் உள்ள இடைவெளி கூடும், குறையும். கைப்பிடியின் அடிக் குமிழைத் திருகினால் மேலே இரண்டு கதவுகள் சிறகு போல விரியும். என்னுடையதன் தலைப்பகுதிக்கு அடியில் ஜே2 என்ற குறி இருக்கிறது, அதாவது 1964ஆம் வருடத்தின் இரண்டாம் காலாண்டு. ஒரு சாமான் தன் பிறந்த காலத்தைத் தானே சொல்வது எனக்கு இன்றும் அதிசயம்தான். கன்னத்துக்கு 5, கழுத்துக்கு 3 வைப்பேன். எண்ணை மாற்றும் முன் அடிக் குமிழைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும், இறுக்கிய நிலையில் திருப்பினால் உள்ளே இருக்கும் பாகங்கள் கஷ்டப்படும். குமிழ் கனமாகச் சுற்றினால் ஒரு சொட்டு மினரல் ஆயில் போதும்.

மூன்றாவது, பிளேடுக்குக் கீழே நேரான தடுப்புக்குப் பதிலாகச் சீப்புப் பல் வைத்த பழைய ரேசர். நாலைந்து நாள் வளர்ந்த தாடிக்கு இதுதான் சரி. பற்களுக்கு நடுவே முடியும் நுரையும் வழிந்து போய்விடும், அடைத்துக்கொள்ளாது. ஆனால் கொஞ்சம் கவனம் வேண்டும்.

பிளாஸ்டிக் ரேசரிலிருந்து வருபவர்கள் முதல் இரண்டு வாரம் அழுத்திவிடுவார்கள். நானும் அழுத்தினேன், தாடை ஓரம் எரிந்தது. இங்கே ரேசரின் கனமே போதும். கைப்பிடியை முகத்திலிருந்து ஏறக்குறைய 30 பாகை விலக்கி, சின்னச் சின்ன இழுப்பாக, முடி வளரும் போக்கிலேயே இழுக்க வேண்டும். கோணம் சரியாக விழுந்தால் காதுக்கே தெரியும், சரக் சரக் என்று ஒரு சீரான ஓசை. ஓசை நின்றால் கோணம் தவறியிருக்கிறது. கழுத்தில் முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள், பலருக்கு அது பக்கவாட்டில் போகும். எதிர்வாக்கில் இழுப்பதை முதல் மாதம் தள்ளிப்போடலாம்.

பிளேடைப் பொறுத்தவரை ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்கு ஒத்துவராது. ஒரே ரேசரில் நாலு வகை போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு ஒரு பிளேடு ஐந்து சவரம் வரும். பழசானதை மூடியில் கீறல் போட்ட ஒரு தகர டப்பாவுக்குள் நழுவ விடுவேன். எட்டு வருடத்து பிளேடுகளும் அதில்தான் இருக்கின்றன, இன்னும் பாதிகூட நிரம்பவில்லை.

சீப்புப் பல் ரேசரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். அதன் கைப்பிடியின் மேல்முனையில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. வாங்கும்போது கவனிக்கவில்லை. இறுக்க இறுக்க விரிந்தது. தலை அவ்வளவு சுத்தமாக இருந்ததால் எறிய மனம் வரவில்லை, துணியில் சுற்றி வைத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்து வேறொரு கடையில், துருப்பிடித்த சாவிகள் நிறைந்த பெட்டியின் அடியில், தலை இல்லாத கைப்பிடி ஒன்று கிடைத்தது. அதே குண்டு முனை, அதே வரிகள். வீட்டுக்கு வந்து கழுவக்கூட இல்லை. மேல்மூடி, அடித்தட்டு இரண்டையும் வைத்துத் திருகினேன். மூன்று சுற்று இலேசாகப் போய், நாலாவதில் இறுக்கமாக நின்றது.