கெடு சொல்ல ‘பை’யா, ‘அன்டில்’லா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சன்டைசர் வேலை (ஆர்டரைக் கவனித்துக்கொள்ளும் வேலை) பார்ப்பவர்கள் பையருக்கு, அதாவது சரக்கு வாங்குபவருக்கு, இங்கிலீஷில் மெயில் எழுதும்போது தடுமாறுவது பெரிய வார்த்தைகளில் இல்லை, தேதிக்கு முன்னால் வரும் ‘பை’ (by), ‘அன்டில்’ (until) என்ற இந்தக் குட்டி வார்த்தைகளில்தான்.

‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமைக்குள். சாம்பிள் அனுப்புவது, பணம் போடுவது மாதிரி ஒரே தடவையில் முடிகிற வேலைக்கு இது. புதன்கிழமையே முடித்தாலும் சரிதான். ‘அன்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமை வரைக்கும், அதாவது அதுவரை அப்படியே தொடர்கிற நிலைக்கு: ‘வீ ஆர் க்ளோஸ்ட் அன்டில் ஃப்ரைடே’. அதனால் ‘ஐ வில் சென்ட் த சாம்பிள் அன்டில் ஃப்ரைடே’ என்பது தப்பு, அங்கே ‘பை’தான் வரவேண்டும். குழப்பம் வந்தால் நம்ம பேச்சில் சொல்லிப் பாருங்கள்: “வெள்ளிக்குள்ள அனுப்பிப்போடறனுங்க” என்றால் ‘பை’, “வெள்ளி வரைக்கும் லீவுங்க” என்றால் ‘அன்டில்’.

உண்மையான ஆபத்து ‘நாட்’ சேரும்போதுதான். ‘த குட்ஸ் வில் நாட் பி ரெடி பை ஃப்ரைடே’ என்று எழுதினால் வெள்ளிக்கிழமையும் சரக்கு தயாராகாது, எப்போது ஆகும் என்றும் தெரியாது. அதே வாக்கியத்தில் ‘அன்டில்’ போட்டால் வெள்ளிக்கிழமை தயாராகிவிடும், அதற்கு முன்னால்தான் கிடையாது. தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் புக் பண்ணக் காத்திருப்பவருக்கு இது ரொம்பப் பெரிய வித்தியாசம்.

அப்புறம் ஒன்று, ‘க்ளோஸ்ட் அன்டில் ஃப்ரைடே’யில் வெள்ளிக்கிழமை லீவா இல்லையா என்று படிப்பவருக்குச் சந்தேகம் வரலாம். ‘வீ ரீஓப்பன் ஆன் ஃப்ரைடே’ என்று கூடவே ஒரு வரி எழுதிவிடுங்கள்.