லேசர் பேனாவா, அகச்சிவப்புக் கமராவா?

திருகோணமலையில் சிறிதாக ஒரு பல் கிளினிக் நடத்துகிறேன். சூத்தையைக் குழி விழுமுன் பிடிக்க ஒரு கருவி தேடியதில் இரண்டு மிஞ்சின: டயக்னோடென்ட் என்ற லேசர் பேனா, டயக்னோகேம் என்ற கமரா. கமராவை வாங்கினேன், சாய்வும் அந்தப் பக்கம்தான்.

பேனா கைக்கு அடக்கம். 655 நானோமீற்றர் சிவப்பு ஒளியைப் பாய்ச்சும். சூத்தையில் கிருமிகள் விட்டுவைத்த பொருட்கள் ஒளிரும். அதை 0 முதல் 99 வரை எண்ணாகக் காட்டும். கடைவாய்ப் பல்லின் மேல்பள்ளங்களில் கெட்டிக்காரன்.

சிக்கல் கறையில். மூதூர், தம்பலகாமம் பக்கமிருந்து வரும் பெரியவர்கள் பலருக்கு வெற்றிலை, மற்றவர்களுக்குப் பிளேன்டீ. கறையும் பற்காறையும் அந்த லேசருக்கு ஒளிர்ந்து தொலைக்கும். நல்ல பல்லிலும் எண் எகிறும். சுரண்டி, தேய்த்து, கழுவி, காற்றடித்து உலர்த்தினால் இறங்கும், சரி. ஆனால் தேய்த்த பசை துளி பள்ளத்தில் தங்கினாலும் அதுவும் ஒளிரும். வெளியே ஆட்கள் காத்திருக்கையில் ஒவ்வொரு பல்லுக்கும் இவ்வளவும் செய்வது யார்? எண்ணை நம்பித் துளைத்துவிட்டால் போன எனாமல், அதாவது பல்லின் மேலோடு, திரும்ப வளராது.

கமராவின் 780 நானோமீற்றர் அகச்சிவப்பு ஒளியைக் கறை பெரிதாக மறிப்பதில்லை. இரு பக்க முரசு (ஈறு) வழியாக ஏறும் ஒளியில் நல்ல எனாமல் வெளிச்சமாகத் தெரியும். பழுதான இடம் ஒளியைச் சிதறடித்து இருண்டு நிற்கும். இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒட்டுமிடத்தில் சின்ன முக்கோண நிழலாக விழும். பேனாவின் நுனி எல்லோருக்கும் அங்கே சரியாகப் போவதில்லை. எக்ஸ்ரேக் கதிர்வீச்சு இல்லாததால் கர்ப்பிணிகளுக்கும் தயங்காமல் எடுக்கலாம்.

படம் திரையில் இருப்பது இன்னொரு வசதி. "இந்த நிழலைப் பாருங்கோ அம்மா" என்று காட்டினால், "அப்ப இப்பவே துளைக்க வேணுமோ டொக்டர்?" என்று கேட்பார்கள். எனாமலோடு நிற்கிறதென்றால் தேவையில்லை. புளோரைட் பூசிவிட்டு, அடுத்த முறை இதே படத்தோடு ஒப்பிடலாம்.

குறையும் உண்டு. நிழல் நரம்புக்கு எவ்வளவு கிட்ட என்று கமரா சொல்லாது. உலோக அடைப்புக்கு அடியிலும் முரசுக்குக் கீழும் பார்க்காது. அதற்கு எக்ஸ்ரேதான். பேனாவுக்குத் தேவையில்லாத கணினியும் இதற்கு வேண்டும். பால் பற்களில் நான் அதிகம் எடுத்துப் பார்த்ததில்லை. பள்ளிப் பிள்ளைகளையே பெரும்பாலும் பார்ப்பவரென்றால் பேனாவையும் யோசிக்கலாம். வெற்றிலைக் கறையின் தொல்லை அங்கே இராது.